கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது

பழைய டர்போ கார் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கு எழும் முதல் ஆசை, பெரிய டர்போ மாட்டுவது. மாட்டி, அழுத்தத்தையும் கூட்டிவிட்டுச் சில நாட்கள் ஆனந்தமாக ஓட்டுவார்கள். பிறகொரு நாள் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் சரசரவென ஏறும். வேகமானி முள் ஏனோதானோவென்று நகரும். கூடவே ஒரு கருகல் வாடை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது.

டர்போ செய்யும் வேலை எளியது. வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டுவதெல்லாம் இந்தச் சக்கரங்களுக்குச் சாதாரணம்.

சிக்கல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, வெப்பம். 27 டிகிரி செல்சியஸ் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், இழப்பே இல்லாத இலட்சிய டர்போவிலும் அது 93 டிகிரியைத் தொடும். 70 சதவீதத் திறனில் இயங்கும் டர்போவில் 120 டிகிரியைத் தாண்டும். சிறிய டர்போவை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் கிடைப்பது பெரும்பாலும் சூடான காற்றுதான். பெரிய டர்போவும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரும் தேவைப்படுவது இதனால்.

மற்றொன்று, தாமதம். சக்கரத்தை எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெரிதாக்கினால், சுழலத் தொடங்குவதற்கு அது காட்டும் தடை ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடுகிறது. 1989 இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரில் இதற்காகவே புகைப்பக்கச் சக்கரங்களைப் பீங்கான் வகைப் பொருளில் செய்தார்கள். எடை குறைவு, சட்டென்று சுழலும். ஆனால் நொறுங்கும் குணம் கொண்டது. அழுத்தத்தைக் கூட்டினால் சக்கரம் அச்சிலிருந்து கழன்று சிதறுவது அந்தக் காரை வைத்திருப்பவர்கள் நன்கறிந்த கதை. பந்தயத்தை மனதில் வைத்து வந்த என்1 வகையில் நிஸானே உலோகச் சக்கரங்களைத்தான் பொருத்தியது.

இனி கிளட்ச். அதற்குக் குதிரைத்திறன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது; முறுக்குவிசை மட்டும்தான் தெரியும். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஓர் இன்ஜின் 300 கிலோவாட், அதாவது சுமார் 400 குதிரைத்திறன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய டர்போ அதை நிமிடத்துக்கு 7,000 சுற்றில் தந்தால் கிளட்ச்சுக்கு வரும் முறுக்குவிசை அந்த இடத்தில் 409 நியூட்டன் மீட்டர். சீக்கிரமே விழித்துக்கொள்ளும் டர்போ அதே திறனை 4,500 சுற்றில் தந்தால் 637. விளம்பரத்தில் இரண்டும் ஒரே எண்தான்! கீழ்ச்சுற்றிலேயே வெடுக்கென்று இழுக்கும் டர்போ ஓட்டுவதற்குச் சுகமானது; கிளட்ச்சைத் தின்பதும் அதுதான்.

கிளட்ச் எவ்வளவு தாங்கும்? நான்கு எண்களைப் பெருக்கினால் போதும்: தட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் விசை, உராய்வு எண், தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. 6,000 நியூட்டன் விசை, 0.3 உராய்வு, 10 சென்டிமீட்டர் ஆரம், இரண்டு முகங்கள் என்றால் 360 நியூட்டன் மீட்டர். மேலே சொன்ன இரு டர்போக்களில் எதற்கும் இது போதாது.

ஸ்பிரிங்கை 7,000 நியூட்டனுக்கு உயர்த்தினால் 420 வரும். முதல் டர்போவுக்கு மயிரிழையில் போதும். அதற்கு விலை, இறுகிய பெடல். பெடலை மிதிக்கும்போதெல்லாம் இன்ஜினின் சுழலும் கிராங்க் அச்சை முன்னோக்கித் தள்ளும் விசையும் கூடுகிறது. அதைத் தாங்கும் பேரிங்குக்கு அது நல்லதல்ல. உராய்வுப் பொருளை மாற்றுவது இன்னொரு வழி. உலோகத்தூளும் செராமிக்கும் கலந்த வில்லைகள் சூட்டிலும் பிடியை விடாது, ஆனால் மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. நெரிசலில் ஒவ்வொரு புறப்பாட்டிலும் கார் குலுங்கும். தினமும் ஓட்டும் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றுக்கு இரண்டு தட்டுகள் வைத்தால் முகங்கள் நான்காகி, பழைய 6,000 நியூட்டன் ஸ்பிரிங்கிலேயே தாங்கும் அளவு 720 ஆகிறது. செலவு கூடுதல்தான், இருந்தாலும் 637 என்ற எண்ணுக்கு இதுவே சரியான விடை.

வழுக்குவதைச் சிறு தொல்லையாக நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 300 நியூட்டன் மீட்டரைக் கடத்திக்கொண்டே 500 சுற்று வித்தியாசத்தில் கிளட்ச் வழுக்கினால், அங்கே பிறக்கும் வெப்பம் 15 கிலோவாட்டுக்கு மேல்: பதினைந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரு தட்டுக்குள் அடைத்தது போல. தட்டு உராயும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலின் முகம் நீலம் பாரித்து, சில நொடிகளில் தட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கிப் பிடிமானத்தை இழக்கும். இது பெரும்பாலும் உயர்ந்த கியரில்தான் நடக்கும். முதல் கியரில் இன்ஜின் சுழற்சி விறுவிறுவென ஏறிவிடுவதால் டர்போவுக்கு முழு அழுத்தம் எட்ட நேரமே இருக்காது.

எனவே டர்போவை மாற்ற முடிவு செய்தால், எந்தச் சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை வரும் என்ற வரைபடத்தை முதலில் பார்த்து, அதன் உச்சத்துக்கு மேல் கொஞ்சம் இடம்விட்டுக் கிளட்ச்சைத் தேர்ந்தெடுங்கள். கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய காரில் அந்த சீல் கசிந்தால், நேற்று மாட்டிய தட்டும் எண்ணெயில் நனைந்து வழுக்கும்.