மென்டர்: வழிகாட்டியா, வழித்துணையா?

வேலூரில் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் பிள்ளைகளிடம் பேசினால் இரண்டு சொற்கள் அடிக்கடி காதில் விழும்: கைடு, மென்டர். கைடு, தீசிஸில் கையெழுத்துப் போடுபவர். அவரை நெறியாளர் என்கிறோம், சரி. மென்டரை? வழிகாட்டி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மென்டர் முதலில் ஓர் ஆளின் பெயர். கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில், டிராய்ப் போருக்குப் போகும் ஒடிசியஸ் தன் வீட்டை நண்பன் மென்டர் பொறுப்பில் விட்டுச் செல்கிறான். அந்த மனிதர் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. மகன் டெலமாகஸ் அப்பாவைத் தேடிக் கிளம்பும்போது ஏதீனா தேவிதான் மென்டர் உருவில் வந்து கூடவே கப்பலேறுகிறாள். 1699இல் பிரெஞ்சுக்காரர் ஃபெனெலோன் இந்த மகனின் கதையை விரித்து எழுதிய பிறகே பெயர் பொதுச்சொல்லானது.

கூடவே கப்பலேறினாள் பாருங்கள், அதுதான் விஷயம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்குக் கே08, கே23 என்ற நிதியுதவிகளைத் தருகின்றன. 3 முதல் 5 ஆண்டுகள். பொதுவாக உழைப்பு நேரத்தில் 75 விழுக்காடு ஆய்வுக்கே போக வேண்டும். அறுவை சிகிச்சைக்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மென்டர் யார், எப்படிப் பழக்குவார் என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். அந்த இளைஞர் சொந்தக் காலில் ஆய்வு நடத்தும் வரை மென்டர் உடனிருக்க வேண்டும். (ஓ.பி. முடித்து, ராத்திரி பத்து மணிக்கு டேட்டாவைத் திறக்கும் நம்மூர் டாக்டருக்கு அந்த 75 கனவுதான்.)

வழிகாட்டி என்ற சொல்லில் இந்த உடனிருப்பு இல்லை. கைகாட்டி மரமும் வழிகாட்டிதானே? சங்கப் பாட்டான மலைபடுகடாத்தில், பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் இன்னொருவனைச் செங்கத்து நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறான். நம் பழைய வட ஆற்காட்டுச் செங்கம்தான். மலை, காடு, ஆறு என்று வழி முழுக்கச் சொல்கிறான், கூட வருவதில்லை.

கூட வருபவர் பெங்களூர் சாலையில், விரிஞ்சிபுரத்தில் இருக்கிறார். மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். கள்ளர் பயத்தோடு போன மிளகு வணிகருக்கு வேடனாக வந்து துணை நடந்தார் என்கிறது தலபுராணம். ஏதீனாவைப் போலவே வேற்றுருவம்!

என் வாக்கு வழித்துணைக்கு. அப்புறம், மரியாதைக்காக அதை 'வழித்துணைவர்' என்று நீட்ட வேண்டாம். யாருடைய வீட்டுக்காரர் என்று கேட்பார்கள். 'ஆய்வில் எனக்கு வழித்துணை அந்தப் பேராசிரியர்' என்றாலே போதும்.