சினைப்பைக்கு வந்து சேரும் புற்று

சினைப்பையில் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால், அது அங்கேயே தோன்றியது என்று எண்ணுவதே இயல்பு. 1896இல் இத்தகைய கட்டிகளை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் க்ரூக்கன்பெர்கும் அப்படித்தான் எண்ணி, சினைப்பைக்கே உரிய ஒருவகைச் சர்கோமா (நார்த்திசு, தசை போன்றவற்றில் தோன்றும் புற்று) என்று எழுதினார். அவை வேறு உறுப்பிலிருந்து பரவியவை என்பதை 1902இல் ஷ்லாகன்ஹாஃபர் என்ற மருத்துவர் நிறுவினார். பெயர் என்னவோ க்ரூக்கன்பெர்க் கட்டி என்றே நிலைத்துவிட்டது.

அவர் ஏமாந்ததற்குக் காரணம் நுண்ணோக்கியில் தெரியும். உயிரணுவுக்குள் மியூசின் என்னும் கோழைப்பொருள் நிறைந்து, உட்கருவை ஓர் ஓரமாகத் தள்ளி நசுக்கிவிடுவதால், அது முத்திரை மோதிரம்போல் காட்சியளிக்கிறது. இந்த மோதிர அணுக்களைச் சுற்றிச் சினைப்பையின் நார்த்திசு அடர்ந்து பெருகுவதால், பார்ப்பவர் கண்ணுக்குச் சர்கோமாவே முன்னால் நிற்கும்.

நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை முதலில் தீர்மானிப்பது புற்றின் பிறப்பிடம். இரைப்பையிலிருந்து பரவியதென்றால் வாழ்நாள் பெரும்பாலும் ஓராண்டை ஒட்டியே அமைகிறது; பெருங்குடலிலிருந்து வந்ததற்கு நிலைமை அதைவிட மேல். அடுத்தது பரவலின் எல்லை. சினைப்பைகளோடு நின்றுவிட்ட நோயும், வயிற்றறையின் உள்ளுறையான பெரிட்டோனியம் முழுவதும் தூவப்பட்டு நீர் கோத்துக்கொண்ட நோயும் ஒன்றல்ல.

மூன்றாவது, அறுவைக்குப்பின் கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்பது. எதுவும் மிஞ்சாதவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாகவே ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. ஆனால் இதை அப்படியே அறுவையின் வெற்றியாகக் கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. உடல் தாங்கக்கூடியவர்களையும் நோய் குறைவாகப் பரவியவர்களையுமே மருத்துவர்கள் அறுவைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், அந்தக் கூடுதல் காலத்தில் ஒரு பங்கு தேர்வினால் வந்ததாகவும் இருக்கலாம். கடந்தகாலப் பதிவேடுகளைப் புரட்டிச் செய்யப்படும் ஆய்வுகளால் இவ்விரண்டையும் முழுமையாகப் பிரித்துக் காட்ட இயலாது. அப்படியும் அறுவைக்கு இடம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெருங்குடல் புற்று பரவும்போது, கல்லீரலில் உள்ள கட்டிகள் கீமோதெரபிக்குச் சுருங்கும் வேளையிலேயே சினைப்பையில் உள்ளவை மருந்துக்கு மசியாமல் வளர்வதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

இத்தனையும் பிறப்பிடத்தைச் சரியாகக் கண்டறிந்த பிறகே பயன்படும். கட்டி இரு சினைப்பைகளிலும் இருந்தால், அது வேறு உறுப்பிலிருந்து வந்ததோ என்ற ஐயம் வலுக்க வேண்டும். திசுவில் சிகே7, சிகே20 போன்ற புரதங்களைச் சோதிப்பதும் மூலத்தை அறிய உதவும். இரைப்பையில் இருக்கும் மூலக்கட்டியோ, நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தராத அளவுக்குச் சிறியதாக இருக்க, சினைப்பைக் கட்டி அடிவயிற்றையே நிறைத்திருக்கலாம். அதனால்தான், ஐயம் எழுந்தால் வயிற்றைத் திறப்பதற்கு முன்பே எண்டோஸ்கோபிக் குழாயை இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்துவிடுகிறார்கள்.