திரையில் எழுத்து, காதில் பேச்சு

திரையில் ஏழெட்டு வரிகள் நிற்க, பேசுபவர் அவற்றையே வாய்விட்டுப் படிக்கும் காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று. கண்ணும் காதும் சேர்ந்து வாங்கினால் செய்தி நன்றாகப் பதியும் என்ற எண்ணத்தில்தான் பலர் அப்படிச் செய்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறானது. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, வந்த செய்தியைச் சில நொடிகள் பிடித்து வைத்திருக்கும் நினைவில் மொழிக்கு ஒரு பகுதியும் உருவங்களுக்கு வேறொரு பகுதியும் உண்டு. படிக்கும் எழுத்தையும் மனம் உள்ளுக்குள் ஒலியாக மாற்றிக்கொள்வதால், திரை வாக்கியமும் பேச்சு வாக்கியமும் மொழிப் பகுதியிலேயே நெருக்கியடிக்க, உருவப் பகுதி வேலையின்றிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, பேச்சைவிட வாசிப்பு வேகமானது. அவையோர் மூன்றாம் வரிக்குப் போன பின்னும் பேசுபவர் முதல் வரியிலேயே இருப்பார்.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடைய குழுவினரும் இதை மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் ஓர் அசைபடத்தைக் கொண்டு சோதித்தார்கள். ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாவதையும், மேகத்துக்குள் மின்னூட்டங்கள் பிரிவதையும் படம் காட்ட, குரல் விளக்கியது. அதே விளக்கத்தைத் திரையின் அடியில் எழுத்தாகவும் சேர்த்தபோது மாணவர்களின் புரிதல் குறைந்தது. சுவைக்காகச் செருகிய, தொடர்பற்ற காட்சிகளும் கெடுதலே செய்தன. ஆகவே அழகுக்கு ஒட்டிய படத்தைக் காட்சி விளக்கம் என்று நான் ஏற்கமாட்டேன். இதயத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு வால்வின் பெயரும் அந்த வால்வின் அருகிலேயே இருக்க வேண்டும். ஓரத்தில் எண் போட்டுப் பட்டியலிட்டால், பார்ப்பவரின் கண் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும்.

ஆனால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பார்ப்பவர் யோசிக்காமலேயே தலையசைத்துவிட முடியும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் பயன்படுத்திவரும் முறை இதற்கு நல்ல மருந்து. கனமான லாரி ஒன்று சிறிய கார் மீது மோதுகிறது. எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது? கணக்குகளைச் சரியாகப் போடும் மாணவர்கள்கூட லாரி என்று சொல்லிவிடுவார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரு விசைகளும் சமம். இத்தகைய கேள்வியைத் திரையில் இட்டு, ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையளித்த பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மீண்டும் விடை கேட்பதே அம்முறை. ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லும் கேள்விதான் வாதத்துக்கு ஏற்றது; எல்லோருக்கும் தெரிந்தாலும் எவருக்கும் தெரியாவிட்டாலும் வாதிட ஒன்றும் இருக்காது.

இன்று இத்தகைய கேள்விகளுக்கான விடையைக் கைபேசியிலேயே வாக்காக அளிக்க முடிகிறது. முடிவுகளும் உடனே திரையில் வரைபடமாக எழுகின்றன. அந்த வரைபடத்தை வாதம் முடியும்வரை மறைத்து வைப்பது நல்லது. எந்த விடைக்கு வாக்கு அதிகம் என்று தெரிந்துவிட்டால், அது தவறாகவே இருந்தாலும், பலர் காரணம் தேடாமல் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.