சொல் விளக்கம்: பங்களா

பங்களா (பெயர்ச்சொல்): 1. சுற்றிலும் நிலம் விட்டு, தாழ்வாரத்தோடு தனித்து நிற்கும் வீடு; பெரும்பாலும் ஒரே தளம். 2. பேச்சு வழக்கில், வசதியானவர்களின் பெரிய வீடு. 3. அலுவலர்கள் தங்கும் அரசு விடுதி. எ-டு: டிராவலர்ஸ் பங்களா, ஃபாரஸ்ட் பங்களா.

நீலகிரியிலும், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் பழைய வீடுகளைக் காப்பது பற்றிப் பேசும்போது முதல் பொருள்தான் வேண்டும். இரண்டாம் பொருள் பரவியதால், 'பங்களா' என்றாலே சுவரும் கூரையும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. சுற்றியுள்ள நிலம் மறந்துபோகிறது. மலையூர்களில் பழைய வீடுகள் கெடுவதற்கு இந்த மறதி ஒரு பெரிய காரணம்.

வங்காளத்தைச் சேர்ந்தது என்று பொருள்படும் 'பங்க்லா' என்ற இந்துஸ்தானிச் சொல்லே இதன் வேர். மூங்கிலாலும் வைக்கோலாலும் வேய்ந்து, கூரையைத் தாழ இறக்கிய வங்கக் குடிசையை அது குறித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்த அமைப்பையும் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது 'பங்களோ' ஆயிற்று. நாம் 'பங்களா' என்று ஆகாரத்தில் முடிப்பதைப் பார்த்தால், தமிழுக்கு வந்தது இந்துஸ்தானி வடிவம்தான் என்று தெரிகிறது.

மலைக்கு இந்தச் சொல் வீட்டோடு ஏறியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிக்கு வந்து கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். ஊட்டியில் 1822-ல் அவர் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸை மலைமக்கள் 'கல் பங்களா' என்றார்கள். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கொடைக்கானலில் 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கட்டிய சன்னிசைட், ஷெல்டன் ஆகிய இரண்டும் அவ்வூரின் முதல் பங்களாக்கள். தேயிலைத் தோட்டங்களில் பெரியதுரை (மேலாளர்) பங்களா, சின்னதுரை (உதவி மேலாளர்) பங்களா என்ற வழக்கு உண்டு.

இதற்குத் தமிழ் என்ன? 'மாளிகை' பொருந்தாது, அது உயரத்தையும் ஆடம்பரத்தையும் சொல்வது. தனித்தமிழ் எழுதுவோர் 'வளமனை' என்கிறார்கள். இரண்டு அறை உள்ள வனத்துறை பங்களாவில் என்ன வளம் என்று கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனாலும் இச்சொல்லின் பின்பாதி மிகச் சரியானது. தமிழில் மனை என்பது வீடு. வீடு நிற்கும் நிலமும் மனைதான். வீட்டுமனை, மனைப்பட்டா என்று அன்றாடம் சொல்கிறோம். நீலகிரியின் படுகர்களும் வீட்டை 'மனெ' என்றே சொல்கிறார்கள். ஆகவே வளமனை என்று எழுதுவது நல்லது. காம்பவுண்டு என்பதற்கு 'வளவு' இருக்கிறது. செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றப் பகுதியைக் குறிக்கும் இச்சொல், ஈழத்தில் வீட்டைச் சுற்றிய நிலத்தைக் குறிக்கிறது. அந்த ஈழத்து வழக்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வராந்தா போர்ச்சுக்கீசிய வழி வந்தது; தாழ்வாரம் அதற்குப் போதும். திண்ணை என்று எழுதுவது தவறு. அது உட்காரும் மேடை.

இனி, வளமனையைக் காப்பதில் வீடும் நிலமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்ப்போம்.

இந்த மலைகளின் பழைய பங்களாக்களில் பலவற்றின் சுவர் கல்லோ செங்கல்லோ வைத்து மண்சாந்தில் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியது. உள்ளே மரப்பலகைத் தரை. தரைக்கும் மண்ணுக்கும் இடையே காற்றோடுவதற்காக அடிச்சுவரில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். வீட்டை ஒட்டிப் பூப்பாத்தியை உயர்த்திக்கொண்டே போனால் இந்தத் துளைகள் மண்ணில் புதையும். காற்று நிற்கும், பலகைக்கு அடியிலுள்ள உத்திரங்கள் இற்றுப்போகும். நடக்கும்போது தரை அமுங்குவது இதன் முதல் அடையாளம். பலகையை மாற்றுமுன் வெளியே போய் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். துளையின் அடிவிளிம்புக்குக் கீழே 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்கட்டும். மண் எடுக்காமல் புதுப்பலகை போட்டால் அதுவும் இற்றுவிடும்.

அடுத்த கேடு சிமெண்டுப் பூச்சு. மண்சாந்துச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு சுண்ணாம்பின் வழியே வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் மேலே மேலே ஏறும், உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்புளித்து உரியும். ஒரு கட்டத்தில் உள்ளே மண்சாந்து குழைந்து சுவரே தொய்யும். இதற்கு ஈரம் தடுக்கும் பெயிண்டை அடிப்பது நோயைப் பூட்டி வைக்கும் வேலை. சிமெண்டைச் சிற்றுளியால் மெல்லக் கொத்தி எடுத்து, சுவரை மழையில்லாத மாதங்களில் உலர விட வேண்டும். பிறகு நன்கு நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, களிமண் இல்லாத கூர்மணல் மூன்று பங்கு கலந்து பூச வேண்டும். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அது இறுகிய பிறகே அடுத்தது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் பதம் காக்க வேண்டும். சமவெளிக் கொத்தனார் இங்கே தவறுவது காலத்தில்: டிசம்பர், ஜனவரியில் மழை குறைவு என்று வேலையைத் தொடங்கிவிடுவார். ஊட்டியில் அது உறைபனிக் காலம். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு இறுகாது. உள்ளிருக்கும் நீர் உறைந்து பூச்சு பொரிந்து உதிரும். பூச்சுக்கு ஏற்றது பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை.

கூரையில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு சரிவுகள் கூடும் இடத்துத் தகரக் கால்வாயும், புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடமும். சவுக்கோ தைலமரமோ அருகில் இருந்தால் கால்வாய் சருகால் அடையும். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், அதாவது இரு பருவமழைக்கும் முன், துடைத்தே ஆக வேண்டும். கணப்பு எரிக்காத வீடுகளில் புகைபோக்கியை முழுதும் அடைத்துவிடுகிறார்கள். அது உள்ளே வியர்க்கும். மழைக்கு மூடி போட்டு, காற்றுக்கு வழி விடுவதே முறை.

வளவில் மிக மதிப்புள்ளது சரிவைத் தாங்கும் கல்கட்டு. சாந்து வைக்காமல் அடுக்கிய கல்கட்டின் இடுக்குகள் வழியே மலைநீர் கசிந்து வெளியேறும். அழகுக்காக அந்த இடுக்குகளில் சிமெண்டு பூசினால் பின்னால் நீர் தேங்கி, அடுத்த பெருமழையில் கட்டு வயிறு தள்ளும், பிறகு சரியும். ஏற்கெனவே பூசியிருந்தால் கொத்தி எடுக்க வேண்டும். கட்டுக்கு மேலே நீரைத் திருப்பும் வடிகாலையும் தூர் வாரி வைக்க வேண்டும்.

மரங்களில் எல்லாம் பழையது, எல்லாம் புனிதம் என்ற நினைப்பு வேண்டாம். வாயிலோரம் நட்ட முதிய சைப்ரஸ் வரிசை வளமனையின் பகுதி, அதைக் காக்கலாம். தானே பரவும் சீகைமர (வாட்டில்) கன்றுகளை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கக்கூடும். மண்ணில் கிடக்கும் விதைகளும் வெளிச்சம் பட்டு முளைக்கும்.

ஊரளவில் பழைய பங்களாக்களின் பட்டியல் தயாரிப்போர் வீட்டின் பெயரையும் படத்தையும் மட்டும் குறித்தால் போதாது. சர்வே எண், நில அளவை வரைபடத்தில் பழைய எல்லை, வடிகால் எந்தப் பக்கம் இறங்கி யார் நிலத்தில் சேர்கிறது, கல்கட்டின் நீளம், முதிய மரங்கள் ஆகியவையும் வேண்டும். மனை பிரித்து விற்கப்படும்போது முதலில் துண்டாவது வடிகால்தான். தலைப்பில் 'வளமனை' என்று எழுதலாம். பெயர்க்கட்டத்தில் ஊரார் சொல்லும் பெயரை, கல் பங்களா என்றால் கல் பங்களா என்றே, மாற்றாமல் எழுதுங்கள்.