மினுங்கும் குக்கரும் அதன் முதுகுப் பக்கமும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் தனியாக இருக்கும் அன்ரி ஒருவர் காஸ் குக்கரைத் திருத்தப் போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒரு பேர்னர் மஞ்சளாக எரிகிறது, சட்டியின் அடியெல்லாம் கரி பிடிக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் குக்கர் நேற்றுத்தான் கடையிலிருந்து இறக்கியது போல மினுங்கியது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. குனிந்து பின்னால் கையை விட்டேன். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. ஹோஸை மெல்ல வளைத்தேன். காய்ந்த புளியங்கோது போல மேல்தோல் வெடித்தது.

"இதை எப்போது மாற்றினீர்கள் அன்ரி?"

"குக்கர் வாங்கும்போது பூட்டியது தம்பி. அவர் இருந்த காலம்."

அவருடைய கணவர் காலமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. சுவரில் மாலை போட்ட படத்தின் கீழே திகதி எழுதியிருந்தது.

நான் ஹோஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ரொறன்ரோவிலிருந்து மகள் வீடியோ அழைப்பில் வந்தார். அங்கே நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்கு அன்றுதான் புது ஃபில்டர் போட்டாராம். குளிர்காலத்தில் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு தடவை மாற்றுவாராம். மாற்றிய திகதியை ஃபில்டரின் விளிம்பிலேயே மார்க்கரால் எழுதிவிடுவாராம். வருடத்துக்கு ஒரு தடவை உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் வந்து முழுவதையும் பார்ப்பாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெடித்த ஹோஸைத் தொலைபேசித் திரைக்கு நேரே பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு வீட்டிலும் எரிவது காஸ்தான். அங்கே அதை ஓர் இயந்திரமாகப் பார்க்கிறார்கள். இங்கே அது குசினிச் சாமான், அம்மியைப் போல, திருவலகையைப் போல.

புறக்கோட்டையில் ஒரு கடையில் கைப்பழக்கம் பிடித்து, பிறகு தனியாக இந்த வேலைக்கு இறங்கி 20 வருடங்களுக்கு மேலாகிறது. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியிலிருந்து தெஹிவளை வரை எத்தனையோ குசினிகளில் குனிந்திருக்கிறேன். குக்கரின் முகத்தை எல்லோரும் துடைக்கிறார்கள். முதுகுப் பக்கம் போகிறவர் அரிது. ஆபத்து இருப்பதோ முதுகில்.

சமையல் காஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுமே காற்றைவிடப் பாரமானவை. புரொப்பேன் சுமார் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே எழும்பி யன்னலால் போய்விடாது. தண்ணீர் போலத் தரையில் பரவி, அலுமாரிக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கிறது. ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சிலிண்டரைக் கழுவுதொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைத்து, கரப்பான் பூச்சி வராமல் இருக்க ஒவ்வொரு இடுக்கையும் சிலிக்கனால் அடைத்திருந்தார்கள். இரண்டடி தள்ளிச் சாமித்தட்டு, அதில் அணையாமல் ஒரு நல்லெண்ணெய் விளக்கு. அலுமாரிக் கதவின் அடிப்பகுதியில் நான்கு துளைகள் போட்டுக் கொடுத்தேன். விளக்கை அறைக்கு மாற்றச் சொன்னதுதான் அவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். சிலிண்டர் இருக்கும் இடத்தில், தரை மட்டத்தில், காற்றுப் போக வழி வேண்டும். வெளியே பால்கனியில் வெயில் படாமல் வைத்தால் இன்னும் நல்லது.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் குசினிகளில் வெடிப்புகள். சிலிண்டரில் நிரப்பும் கலவையின் விகிதம் பற்றிச் சர்ச்சை. ஜனாதிபதி நியமித்த குழு ஒன்று ஆராய்ந்தது. கலவை ஏன் முக்கியம் என்றால், ஒரே வெப்பநிலையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. புரொப்பேன் கூடினால் சிலிண்டரின் வாயில் உள்ள ரப்பர் வளையத்தையும் ரெகுலேட்டரையும் அழுத்தும் விசை கூடும். கலவையை நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. ஆனால் அந்த நாட்களில் என் தொலைபேசி ஓயவில்லை, பயந்துபோய்க் கூப்பிட்ட வீடுகளில் நான் கண்டது என்னவோ வழக்கமான சங்கதிதான்: கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி, உள்ளே தேய்ந்துபோன ரெகுலேட்டர், எலி கடித்த ஹோஸ். அழுத்தம் கூடும் நாளில் முதலில் விட்டுக்கொடுப்பது இப்படிப்பட்ட இடம்தான்.

ஹோஸைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலையில் பாதி அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நல்லதாகத் தெரிந்தாலும். ரப்பர் உள்ளிருந்து காய்ந்து வரும். வெளியில் வெடிப்புத் தெரியும்போது ஏற்கனவே பிந்திவிட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை குழாயிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைக் காஸுக்குப் பூட்டியிருந்த வீடும் பார்த்திருக்கிறேன், அதுவும் படித்தவர்கள் வீடு. நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேல் வேண்டாம். குக்கரின் அடியால் குறுக்கே போகக் கூடாது. அவண் உள்ள குக்கரென்றால் அதன் சூடான முதுகில் முட்டக் கூடாது. சுவரிலோ பலகையிலோ துளைபோட்டுக் கொண்டுபோனால் துளையின் கூரிய விளிம்பு நாளாக நாளாக அரம்போல அராவும். இரண்டு முனையிலும் திருகிப் பூட்டும் கிளிப் இருக்க வேண்டும். அதற்காகப் பலமெல்லாம் காட்டி முறுக்கினால் கிளிப்பின் விளிம்பே ரப்பரை வெட்டிவிடும். இழுத்தால் ஹோஸ் அசையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

ரெகுலேட்டரை நான் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வேன். கடலோர வீடுகளில் அதற்கும் முன்னரே. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளையில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை: கிளிப் துருப்பிடிக்கும், ரெகுலேட்டரின் ஸ்பிரிங் இறுகும், பொத்தான் அழுத்தினால் பொறி வராது. புதுச் சிலிண்டர் வரும்போது மூடியைத் திறந்து வாயினுள் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது கிழிந்திருந்தால், கோணலாக இருந்தால், இல்லாமலே இருந்தால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். கொண்டுவரும் தம்பி அவசரப்படுத்துவார். அவரை இரண்டு நிமிடம் நிறுத்தி வையுங்கள். ரெகுலேட்டர் இலேசாகப் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் அது வேறு வகை வால்வு என்று அர்த்தம். சுத்தியலால் தட்டிப் பூட்டியதாக என்னிடம் பெருமையாகச் சொன்னவர் உண்டு.

இனி அந்த அன்ரியின் மஞ்சள் சுவாலை. நீலமாக, அடங்கி எரிந்தால் காஸும் காற்றும் அளவாகக் கலக்கின்றன. மஞ்சள் நுனியும் சட்டியில் கரியும் வந்தால் காற்று போதவில்லை. அவருடைய குக்கரில் காற்றை இழுக்கும் குழலின் வாயில் ஒரு கரப்பான் குஞ்சு செத்துக் கிடந்தது. சில வீடுகளில் சிலந்தி வலை, சில வீடுகளில் பொங்கி வழிந்து காய்ந்த பால். பேர்னர் மூடியைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, அடைபட்ட கண்களைப் பல்குத்தும் குச்சியால் எடுப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலை. செய்ய வேண்டிய வேலையும்கூட. பிறகு நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு பூட்டுவதால்தான் பல அடுப்புகள் விட்டுவிட்டு எரிகின்றன. மூடி அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். கோணலாக இருந்தால் 'டப்' என்ற சத்தத்தோடு சுவாலை உள்ளே போய்விடும். உள்ளே காஸைப் பீய்ச்சும் பித்தளை ஜெட்டை மட்டும் தொடாதீர்கள். அதன் துளை ஒரு மில்லிமீற்றர்கூட இராது. ஊசி விட்டுக் குடைந்தால் துளை பெருத்து, பிறகு ஒருநாளும் நீலமாக எரியாது.

தைப்பொங்கல், தீபாவளி முடிந்த மறுநாள் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் கண்ணாடி பற்றியவை. மேற்பரப்பு கண்ணாடியாலான குக்கரில் பெரிய பொங்கல் பானையையோ முறுக்குச் சுடும் தாச்சியையோ ஏற்றினால், பாத்திரத்தின் விளிம்பு பேர்னரைத் தாண்டி நீண்டு, வெப்பத்தைக் கண்ணாடி மேலேயே திருப்பி அடிக்கும். அந்தச் சூட்டில் ஈரத் துணியைப் போட்டால் தூளாகிவிடும். பெரிய சமையலுக்குத் தனி ஒற்றையடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கண்ணாடி குக்கரே வேண்டாம், துருப்பிடிக்காத உருக்குத் தகடு போதும் என்பேன். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று மருமகள்மார் விரும்புகிறார்கள், நான் என்ன செய்வது.

கசிவு பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சட்டி கழுவும் திரவம் இரண்டு கரண்டியைக் கொஞ்சத் தண்ணீரில் நுரைக்கக் கலக்கி, பேர்னர்கள் எல்லாவற்றையும் அணைத்து, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ஸ்பொஞ்சால் ஒவ்வொரு பொருத்திலும் தடவுங்கள்: சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனைகள், பிறகு ஹோஸ் முழுவதும். குமிழி பெருத்துக்கொண்டே வந்தால் கசிவு. முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யலாம், மூன்று நிமிட வேலை. நெருப்புக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குச்சியோடு நிற்பவரைக் கண்டால் நான் படியிறங்கி விடுவேன், முதலில் என் உயிர்.

காஸுக்கு இயல்பில் மணம் இல்லை. நமக்கு அடிக்கும் அழுகிய நாற்றம், எத்தில் மேர்காப்டன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. மூக்கை மட்டும் நம்பக் கூடாது. மெல்லிய கசிவு இருக்கும் அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்குப் பழகிவிடும். வயதானவர்களுக்கு மணம் பிடிப்பது குறையும். கொவிட் வந்து போன பிறகு தனக்கு மணமே தெரியவில்லை என்று மருதானையில் ஒருவர் சொன்னார். அவர் வீட்டு வாசலில் ஏறும்போதே எனக்குத் தெரிந்தது, அவர் குசினியில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாற்றம் பலமாக அடித்தால் ஆளியைத் தொட வேண்டாம், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். மின்விசிறியைச் சுழற்றிக் காஸைத் துரத்தலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. குளிர்சாதனப் பெட்டியின் கதவையும் திறக்காதீர்கள். அடுப்பும் எண்ணெய் விளக்கும் எரிந்தால் அணையுங்கள். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு யன்னலை அகலத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து தொலைபேசி எடுங்கள். தீயணைப்புப் பிரிவின் இலக்கம் 110. அம்புலன்ஸ் தேவையென்றால் 1990.

சிலிண்டரைச் சரித்துப் படுக்க வைத்துக் கடைசிச் சொட்டு எடுப்பதும், சுடுதண்ணீரில் நிற்க வைப்பதும் 2022இல் வரிசையில் நின்ற காலத்துப் பழக்கங்கள். தட்டுப்பாட்டு நாட்களில் அந்த ஆசை எனக்குப் புரியும். ஆனால் படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். பேர்னரில் ஒரு முழ உயரத்துக்குச் சுவாலை எழும்.

இன்னொன்று, மூக்குக்கு எட்டாத விஷயம். காற்று போதாமல் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனொக்சைட் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புதிய தொடர்மாடிகளில் குசினியும் வரவேற்பறையும் ஒன்றாக, குளிரூட்டி போட்டு, யன்னலையும் சாத்திவிடுகிறார்கள். குளியலறைக்குள் காஸ் சுடுநீர்க் கருவி இருந்தால் இன்னும் மோசம். அதன் புகை குழாய் வழியாக வெளியே போகவேண்டும். சமைக்கும்போது தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் தெளிந்தால் அடுப்பைச் சந்தேகியுங்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஃபேர்னஸ் உள்ள வீடுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். நம்முடைய குசினியில் யன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ரெகுலேட்டரைப் பிரிப்பது, ஜெட் மாற்றுவது, வால்வுக்கு கிறீஸ் போடுவது, அவணைத் திறப்பது எல்லாம் தெரிந்தவரிடம் விடுங்கள். காணொளி பார்த்துக் கழற்றிவிட்டு, மிஞ்சிய திருகாணிகளை ஒரு யோகட் கோப்பையில் போட்டு என்னிடம் நீட்டிய அங்கிள் ஒருவர் இருக்கிறார்.

வெள்ளவத்தை அன்ரியின் வீட்டில் புது ஹோஸ், புது ரெகுலேட்டர், இரண்டு கிளிப் பூட்டி, நுரை தடவிக் காட்டினேன். மகள் திரையிலிருந்தபடியே ஒரு மார்க்கர் தேடச் சொன்னார். மருந்து அலுமாரிக்குள் ஒன்று கிடைத்தது. வெள்ளை பிளாஸ்டர் ஒரு துண்டை ஹோஸில் சுற்றி, அதில் மாதமும் வருடமும் எழுதினேன். அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்துவிட்டு, "நாட்காட்டியிலும் எழுதிவிடு தம்பி, நான் இந்தப் பக்கம் குனிவதில்லை" என்றார்.