காலி டப்பாவும் கணக்கில் வரும்: கஞ்சா, அதன் துணைப்பொருட்கள், வெளிநாட்டுப் பயணம்

கனடாவிலிருந்து ஊருக்குக் கிளம்பிய என் அக்கா மகன் பெட்டி கட்டிக்கொண்டே வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தான். முதுகுப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து உதறியபோது, உள்ளங்கையில் அடங்கும் வட்டமான அலுமினிய டப்பா ஒன்று கட்டிலில் விழுந்தது. இலையைத் தூளாக்கும் கிரைண்டர். திருகித் திறந்து காட்டினான். உள்ளே வரிசையாகப் பற்கள், பல் இடுக்கில் பச்சைத் தூள். “இதுல ஒண்ணும் இல்ல மாமா, காலி டப்பாதான்” என்றான். அவன் டிக்கெட் டொரண்டோ, துபாய், சென்னை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் இருக்கும் ஊரில் அது குற்றமும் இல்லை. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் வயதுவந்தவர்கள் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சாவைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கடையில் ரசீதோடு கிடைக்கிறது. ஆனால் அந்த அனுமதி கனடாவின் எல்லைக்குள் மட்டும்தான். மருத்துவர் சீட்டு இருந்தாலும், போகும் நாட்டில் கஞ்சாவுக்கு அனுமதி இருந்தாலும், உரிய அரசு அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோவது கனடாவின் சட்டப்படியே குற்றம். வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவதும் அப்படித்தான். ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் பொது இடத்தில் 25 கிராம் வரை அனுமதிக்கிறது. அங்கும் எல்லை தாண்டும் அனுமதி இல்லை. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் கஞ்சா இன்னும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2020 டிசம்பரில் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து மட்டும் அதை எடுத்தார்கள்.

டொரண்டோ தமிழர்கள் பலர் வார இறுதியில் காரிலேயே பஃபலோ வழியாக நியூயார்க் பக்கம் போய்வருவார்கள். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு, நியூயார்க் மாநிலத்திலும் 2021 முதல் உண்டு. ஆனால் நடுவில் இருக்கும் எல்லைச் சாவடி அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் இயங்குகிறது. அந்தச் சட்டத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் கஞ்சாவோடு பிடிபட்டால் நுழைவு மறுக்கப்படலாம், விசா போகலாம். பயன்படுத்தியதாக வாயால் ஒப்புக்கொள்வதுகூட நுழைவுக்குத் தடையாகலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வெளிநாடு போய்த் திரும்பும்போது இதே ஆபத்து உண்டு.

சரி, துணைப்பொருட்களுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கிரைண்டர், புகைக்குழாய், பாங் எனப்படும் தண்ணீர்க் குழாய், சிலிம் எனும் சிறு மண் புகைக்குழாய், சுருட்டும் காகிதம், மின்சிகரெட் வகையான வேப் பேனா இவற்றையெல்லாம் வெறும் சாமான் என்று நினைக்கிறார்கள். சிங்கப்பூர் சட்டம் அப்படி நினைப்பதில்லை. அங்கே போதைப்பொருளைப் புகைக்கவோ உட்கொள்ளவோ வைத்திருக்கும் குழாய், கருவி எதுவானாலும் தனிக் குற்றம். 10,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அமெரிக்காவில் இத்தகைய கருவிகளை இறக்குமதி, ஏற்றுமதி செய்வது மத்திய அரசுச் சட்டத்தில் குற்றம்.

இந்தியாவில் காலிக் குழாய்க்கென்று தனித் தண்டனை கிடையாது. கோயில் ஊர்க் கடைகளில் மண் சிலிம் வெளிப்படையாகவே விற்கிறது. ஆனால் அதன் உள்ளே கஞ்சாப் பிசின் ஒட்டியிருந்தால் அது வெறும் மண் குழாய் இல்லை, அதற்குள் இருப்பது போதைப்பொருள். எவ்வளவு ஒட்டியிருந்தால் கணக்கு என்று கேட்பவர்களுக்கு துபாயில் நடந்ததைச் சொல்கிறேன். 2007-ல் எத்தியோப்பியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் துபாயில் விமானம் மாற இறங்கிய பிரிட்டிஷ்காரர் ஒருவரின் செருப்படியில் 0.003 கிராம் கஞ்சா ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்கே தெரியாத அளவு. 4 ஆண்டு சிறை விதித்தார்கள். பிறகு மன்னிப்பில் வெளியே வந்தார். கிரைண்டரின் பல் இடுக்கில் அதைவிட நிறையவே இருக்கும்.

ஐக்கிய அரபு அமீரகம் அதற்கப்புறம் சட்டத்தைத் தளர்த்தியது உண்மை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கஞ்சாச் சத்து கலந்த உணவுப் பண்டங்களோடு முதல்முறை வரும் பயணிக்குச் சிறை கிடையாது. பொருளைப் பறித்து அழித்துவிடுவார்கள். அதை நம்பிப் பையில் எதையும் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாம் முறைக்கு அந்தச் சலுகை கிடையாது.

வேப் பேனாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உள்ளே கஞ்சா எண்ணெய் இருந்தாலும் வெறும் நிகோட்டின் இருந்தாலும் பல நாடுகளில் கருவியே தடைசெய்யப்பட்டது. இந்தியா 2019-ல் மின்சிகரெட்டைத் தடை செய்தது. இறக்குமதிக்கு முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் தடை உண்டு. லித்தியம் பேட்டரி இருப்பதால் விமான விதிப்படி அதைச் சரக்குப் பெட்டியில் போடவும் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு எக்ஸ்ரே இயந்திரத்திலும் அது நேராகத் தெரியும்.

நம் ஊரிலிருந்து வெளியே போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனிப் பகுதியை. தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. அதனால்தான் வடமாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற கடையில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு கிடைக்கிறது. கஞ்சா இலை சேர்ந்த ‘விஜயா’ ஆயுர்வேத மருந்துகளும் விற்கின்றன. சிங்கப்பூரில் செடியின் எந்தப் பகுதியானாலும் கஞ்சாதான். வாரணாசியில் வாங்கிய பாங்கு உருண்டையும் ஆயுர்வேதத் தைலமும் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது வேறு பொருளாகிவிடும். லேபிளில் ‘ஹெம்ப்’ (கஞ்சாச் செடி வகை), ‘சி.பி.டி.’ (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ஒரு சத்து) என்று எழுதியிருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

இப்போது சென்னை விமான நிலையச் செய்திகளில் அடிக்கடி வருவது பாங்காக்கிலிருந்து வரும் ‘ஹைட்ரோபோனிக் கஞ்சா’. மண்ணில்லாமல் வீட்டுக்குள் வளர்த்த உயர்ரகக் கஞ்சா. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜூனில் பூ வாங்க மருத்துவர் சீட்டு வேண்டும் என்று இறுக்கியது. இதற்குள் தெருவுக்குத் தெரு கடை வந்துவிட்டது. அந்தச் சரக்கைக் கொண்டுவருகிறவர்களில் பலர் குருவிகள். டிக்கெட்டும் தங்குமிடமும் சும்மா கிடைக்கிறது, திரும்பும்போது ஒரு பெட்டியை மட்டும் எடுத்து வா என்று சொல்லி அனுப்பப்பட்ட பையன்களும் பெண்களும். பெட்டிக்குள் பருப்புப் பொட்டலம், பிஸ்கட் டப்பா, அதற்குள் வெற்றிடப் பொட்டலங்கள். இவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பதறுகிறது. அனுப்பியவன் வேறு ஊரில் இருப்பான், சுங்கத்துறை முன் நிற்பது இவர்கள்தான்.

இந்தியச் சட்டத்தில் ஹைட்ரோபோனிக் கஞ்சாவுக்குத் தனிக் கணக்கு இல்லை. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் வணிக அளவுக்குக் கீழ் என்றால் 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவு 20 கிலோ. அதைத் தாண்டினால் 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை, அபராதம் 1 லட்சத்திலிருந்து. கஞ்சாச் செடியின் பிசினான சரஸுக்கு இந்த எல்லைகள் 100 கிராமும் 1 கிலோவும். வணிக அளவானால் ஜாமீன் கிடைப்பதே அரிது. பையில் பொருள் இருந்தால், உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். “யாரோ கொடுத்தாங்க சார்” என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்.

சிங்கப்பூரில் பெட்டிக்குள் இருப்பதன் எடை உயிரைத் தீர்மானிக்கிறது. 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் கடத்தல் என்று கருதப்படும், 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் 1,017.9 கிராம் கஞ்சா வழக்கில் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும், உள்ளூரில் பயன்படுத்தியதாகவே கருதி வழக்குப் போடலாம். பாங்காக்கில் விடுமுறை கழித்துத் திரும்புகிறவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டால் அதற்குக் காரணம் இதுதான். மலேசியாவில் 200 கிராம் இருந்தால் கடத்தல் என்று கருதப்படும். 2023 ஜூலையிலிருந்து அங்கே மரண தண்டனை கட்டாயமில்லை, ஆனால் நீதிபதி விதிக்கலாம். ஜப்பானில் 2024 டிசம்பரிலிருந்து பயன்படுத்துவதே குற்றம், 7 ஆண்டு வரை சிறை. இலங்கையிலும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் 2025 மே மாதம் பாங்காக்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் இளம்பெண் ஒருவர் 46 கிலோ ‘குஷ்’ எனப்படும் கஞ்சாவோடு கைதானார்.

மருந்தாக எடுப்பவர்கள் மருத்துவர் கடிதத்தை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கிடையே பயணம் செய்ய, மருத்துவர் எழுதி அதிகாரி முத்திரையிட்ட சான்றிதழ் இருக்கிறது, 30 நாள் வரை செல்லும். மற்ற இடங்களில் போகும் நாட்டின் சுகாதாரத் துறையிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். விமானம் மாறும் நாட்டுக்கும் இது பொருந்தும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? வெளிநாட்டில் கைதானால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவில் இருக்கிறது. வாய்விட்டுக் கேளுங்கள். தூதரகம் வெளியே எடுத்துவிடாது, ஆனால் வந்து பார்க்கும், வழக்கறிஞர் பட்டியல் தரும், வீட்டுக்குச் சொல்லும். இந்தியக் குடும்பங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். இந்திய விமான நிலையத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் உடலைச் சோதிக்க வந்தால், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு அதிகாரி முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். இது பைக்குப் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

அக்கா மகன் கிரைண்டரை டொரண்டோவிலேயே குப்பையில் போட்டான். முதுகுப்பையையும் விட்டுவிட்டு, கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.