விடுபட்ட ஓர் எண்

பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு நாற்காலி அடுக்குகிறவருக்கு 61 நாற்காலி கொடுத்துப் பாருங்கள், எரிச்சல்தான் மிஞ்சும். ஒரே வரிசையாக நீட்டினால் உண்டு; இல்லாவிட்டால் ஒன்றாவது உதிரியாக நிற்கும். 60 என்றால் ஆறு பத்து, ஐந்து பன்னிரண்டு, நாலு பதினைந்து என்று இஷ்டத்துக்குப் போடலாம். 60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் காரணிகள் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள அத்தனை எண்களையும் காரணிக் கணக்கில் முந்துபவை உயர் பகு எண்கள்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும்.

இவற்றைத் துருவி ஆராய்ந்தவர் ராமானுஜன். ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தவர். 1912-இல் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர். 1914 மார்ச்சில் கப்பலேறி, அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி. அதன் காரணிகள் 10,080.

இவ்வளவையும் ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. பகா எண்களாக உடைத்தால் போதும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒரு காரணியை உருவாக்க 2-ஐ ஒரு தடவையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி. 5, 7 இரண்டுக்கும் மும்மூன்று. மற்ற ஐந்தையும் எடுக்கலாம் அல்லது விடலாம். பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 32 = 10,080.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். தற்செயல் அல்ல. 2-க்கு 4, 3-க்கு 6 என்று மாற்றிப் போட்டாலும் காரணிகள் அதே 10,080தான். எண் மட்டும் 9/4 மடங்காகப் பெருத்துவிடும். அதே காரணிகளோடு சிறிய எண் ஒன்று இருக்கும்போது பெரியதற்குப் பட்டியலில் இடமில்லை. நடுவில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிப் போக முடியாததும் இதனால்தான்: 19-ஐ விட்டு 29-ஐச் சேர்ப்பது வீண் செலவு. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும் ராமானுஜன் நிறுவினார். விலக்கு 4, 36 இரண்டு மட்டுமே.

கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாலேயே போட்ட அந்த அட்டவணையில் 102 எண்கள் இருக்கின்றன. ஒன்றே ஒன்று விடுபட்டுப்போனது: 2,93,31,86,25,600. எனக்கு அட்டவணையிலேயே சுவாரசியமானது இதுதான். கடைசி எண்ணிலிருந்து 23-ஐ மட்டும் கழற்றிவிட்டால் கிடைப்பது இது! காரணிகளும் சரியாகப் பாதி, 5,040.

ஆனால் கடைசிப் பகா எண்ணைக் கழற்றினால் எப்போதும் இன்னோர் உயர் பகு எண் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 10,080-உம் உயர் பகு எண்தான். அதிலிருந்து 7-ஐ எடுத்தால் 1,440. அதற்குக் காரணிகள் 36. அதைவிடச் சிறிய 1,260-க்கே 36 இருக்கிறது.